தோளுயரம்

கருங்கல் சந்தையைத் தாண்டி இறங்குகிற ரோட்டில்
எங்கள் அண்டியாபீஸ்.
இருநூற்றுப் பத்து பேரில்
அண்டியைத் தொடாதவள் நான் மட்டும்.
நான் தொடுவது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்,
பூச்சி இல்லை என்கிற சான்றிதழ்,
எழுத்தழிந்த ஒரு கீபோர்டு.

ஜனவரி நாலாம் தேதி
தூத்துக்குடியில் கப்பலேறியது எழுநூறு டின் பருப்பு.
பெறுபவர்: கஃபீஷா சகோதரர்கள்,
பருப்பு வறுப்பவர்கள், எபிரோன்.

"எபிரோனா?" என்றாள் ரோஸ்லெட் அக்கா,
அண்டி தல்லிக் கறுத்த விரல்களைச் சாம்பலில் தேய்த்தபடி.
"அது ஞாயித்துக்கெழமப் பாடத்துல உள்ள ஊருல்லா?
அங்க லாரி போவுமா பிள்ளே?"

போகும் அக்கா.
அதற்குமுன் அடுத்தவர் துறைமுகத்தில் இறங்க வேண்டும்.
அடுத்தவர் சாவடியில்
ஒரு லாரியின் முதுகோடு இன்னொரு லாரி முதுகு சேர்த்து நிற்க,
சரக்கு மட்டும் மாற வேண்டும்.
டிரைவர்கள் மாறக்கூடாது.

அஸ்தோதில் பதினெட்டு நாள் கிடந்தது பெட்டி.
டின்னுக்குள் என்ன என்று மிஷினுக்குத் தெரியவில்லையாம்.
நாள் வாடகை டாலரில் ஏறியது.
முதலாளிக்கு பிரஷர் அது பாட்டுக்கு ஏறியது.

அப்போதுதான் நிஸ்ரீன் எழுதினாள்.
ரமல்லாவில் அவர்களுக்கு ஒரு சங்கம்,
ஏற்றுகிறவர்களுக்கும் இறக்குகிறவர்களுக்கும்.
ஆறு பேர், இரண்டு அறை,
யாருடைய பெட்டி எங்கே நிற்கிறது என்று
காலையில் ஒரு பட்டியல்.
வருத்தம் தெரிவிக்கவில்லை அவள்.
பெட்டி எண் கேட்டாள். சீல் எண் கேட்டாள்.
டின் மூடியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுக்கச் சொன்னாள்.

வெள்ளி அவளுக்கு விடுமுறை.
சனி துறைமுகத்துக்கு.
ஞாயிறு எங்களுக்குக் கோயில்.
மிஞ்சின நாலு நாளில்
அவள் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது
இங்கே சோற்றுக்கு மணி அடித்திருக்கும்.
கப்பக்கிழங்கும் மீனும் ஒரு கையில்,
மறு கையால் பதில்.

பத்தொன்பதாம் நாள் பெட்டி அசைந்தது.
ஏழு நாள் வாடகையும் குறைந்தது.
எப்படி என்று கேட்டேன்.
"இருபத்துமூன்று கடிதம்" என்றாள்,
ஏதோ இருபத்துமூன்று படி ஏறி வந்தவள் போல.

அடுத்த பெட்டிக்கு அவள் சொன்னவை:
டின் வேண்டாம், அட்டைப்பெட்டி போதும்.
அடுக்கு நூற்று முப்பது சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது,
தாண்டினால் சாவடியில் பிரித்துப் போடுவார்கள்.
அப்புறம், விதி இல்லை, என் வேண்டுகோள் என்று ஒன்று:
முகவரியை எபிரோனோடு நிறுத்தாதே.
பாலஸ்தீனம் என்று முழுசாக எழுது.
கட்டம் காலியாக இருந்தால்
வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

எழுதினேன். போன தடவை
அந்தக் கட்டத்தை நான் விட்டிருந்தேன்,
கம்ப்யூட்டர் கேட்கவில்லை என்று.

ஆபீஸ் டேப்புக்கு நுனி கிடையாது,
பதினெட்டில்தான் தொடங்கும்.
ரோஸ்லெட் அக்காதான் முன்னால் வந்து நின்றாள்.
நைட்டி தைக்கப் பள்ளியாடி டெய்லர் அளந்திருக்கிறான்:
தோளிலிருந்து தரைவரை ஐம்பத்தொரு இஞ்ச்.
பெருக்கிப் பார்த்தேன்.
அரை சென்டிமீட்டர் மிச்சம்.

அன்றைக்கு முழுக்க
ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் போய் நின்றாள்,
தேர்வறையில் சூப்பர்வைசர் மாதிரி.
ஒரு அடுக்கு அவள் காது வரை வந்தது.
இரண்டு வரிசை இறக்கினோம்.
கடைசி அடுக்கோடு அவளைப் படமெடுத்துக்
காகிதங்களோடு முன்கூட்டியே அனுப்பினேன்.

இன்று நிஸ்ரீனிடமிருந்து:
சாவடியில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்.
படத்தில் நிற்பது யார்?
பேக்கிங் லிஸ்டில் இல்லையே.

வாசித்துக் காட்டினேன்.
பெண்களெல்லாம் சிரித்தார்கள்.
அக்கா சிரிக்கவில்லை.
"எழுது பிள்ளே. ரோஸ்லெட், கருங்கல்.
அண்டி தல்லியவ.
நாடும் எழுதணும்னா எழுது, வெறுமன விடாத."

அனுப்பிவிட்டேன்.
பெட்டி கொழும்பு தாண்டியாயிற்று.
இன்று வியாழன், மணி ஐந்தேகால்.
நாளை அவளுக்கு விடுமுறை.